லுங்கியும் செயின் சாவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்கால முன்னெச்சரிக்கை பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், "செயின் சா இருந்தால் விழுந்த மரத்தை யார் வேண்டுமானாலும் அரை மணி நேரத்தில் அறுத்துவிடலாம்" என்று ஒரு வரி. பக்கத்திலேயே படம். லுங்கியை மடித்துக் கட்டி, ரப்பர் செருப்போடு சாய்ந்த மரத்தின் மேல் நின்றபடி ஒருவர் அந்த மோட்டார் ரம்ப மிஷினைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கிறார். 'இப்படிச் செய்யாதீர்கள்' என்று கீழே போட மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் முந்திரியும் பலாவும் ஒரே காலையில் படுத்துவிட்டன. யார் யார் காரில் வந்து பார்வையிட்டார்கள் என்று பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். மரம் அறுக்கப் போய்க் காயப்பட்டவர்களைப் பற்றி நான் எழுதிய கடிதத்துக்கு மட்டும் இடமில்லை. சரி, அது பழைய கதை.

என் மைத்துனர் அறுத்த பலாமரம் வேரோடு மண்ணையும் பெயர்த்துக்கொண்டு சாய்ந்திருந்தது. தண்டு துண்டான நொடியில் அடிக்கட்டை சட்டென்று நிமிர்ந்து பழைய குழிக்கே திரும்பியது. வேர்ப்பக்கம் நின்றிருந்தவரின் காலும் அதோடு போனது. இன்றும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். பக்கத்துக் கொல்லைக்காரருக்கு, பிளேடு நுனியின் மேல்பக்கம் ஒரு கிளையில் பட்டு மிஷின் முகத்துக்கே எகிறியது. இரண்டு முனையும் தரையில் தாங்கி நடுவில் தொங்கும் மரத்தை மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் மரம் பிளேடைக் கவ்விக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. கட்டுரையாளரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகும் இதே கூத்து. மரத்துக்கடியில் மின்கம்பி கிடக்க, கரண்ட் நிறுத்தியாயிற்றா என்று கேட்காமலே மிஷினை இழுத்து ஸ்டார்ட் செய்கிறார்கள். தோப்பில் வேலை செய்பவர்களுக்கு ஹெல்மெட்டாவது கொடுங்கள் என்று ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். "தலை உங்களுடையதுதானே" என்றார்கள். பதில் சொன்னார்களே, அதுவே பெரிது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே பக்கத்தில் சிறு பெட்டிச் செய்தி போதும்: ஹெல்மெட், முகத்தடுப்பு, காதுமூடி, பூட்ஸ், வெட்டு விழாத கால்கவசம் வேண்டும், தனியாகப் போகக் கூடாது, மிஷின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது. அதற்கும் இடமில்லையென்றால், அடுத்த புயலுக்கு அந்த லுங்கிப் படத்தை மறுபடி போடாமலாவது இருங்கள்.

இப்படிக்கு,
ஒரு முந்திரி விவசாயி,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.