ஃபெக்ஸ் பள்ளத்தாக்குக்குப் போவோமா?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத நினைத்தேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் மழையில் ஒழுகிய மாடி என்று பத்து நாள் ஓடிவிட்டது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். நேற்று தானே பூத்தொடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சரி, சுவிட்சர்லாந்து. கார் இல்லாத மலையூர் ஏதாவது இருந்தால் சேர்ந்து போகலாம் என்று எழுதியிருந்தாயே. அப்படிக் கேட்டால் எல்லாரும் செர்மாட் என்ற ஊரைத்தான் சொல்கிறார்கள். காரை 5 கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் விட்டுவிட்டு ரயிலில் போக வேண்டும், உண்மைதான். ஆனால் ஊருக்குள் பேட்டரி டாக்சிகளும் கூட்டமும் நிறைய. எனக்கு மனம் போனது தென்கிழக்கு சுவிட்சர்லாந்தில் எங்கடீன் பகுதியில் இருக்கும் ஃபெக்ஸ் பள்ளத்தாக்கின் மேல். வெளியூர்க் கார்கள் கீழே சில்ஸ் மரியா என்ற ஊரிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் நடை, இல்லாவிட்டால் குதிரை வண்டி.

உன் முழங்காலை நினைத்துத்தான் இந்த இடத்தைப் பிடித்தேன். உனக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தானே வலிக்கிறது? அதனால் போகும்போது மெல்ல நடப்போம், திரும்பும்போது வண்டியில் வருவோம். சில்ஸே ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். முதல் நாள் ஏரிக்கரையோடு நிறுத்திக்கொள்வோம். மறுநாள் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் கிராஸ்டா என்ற சிற்றூர் வரை போகலாம். அங்கே சின்ன வெள்ளைத் தேவாலயம், உள்ளே 1511-இல் வரைந்த சுவரோவியங்கள். இசை நடத்துநர் கிளாடியோ அபாடோவின் அஸ்தியை அடக்கம் செய்திருப்பது அதன் கல்லறைத் தோட்டத்தில்தான். வயலின் படிக்கும் உன் மகளிடம் சொல்.

போகும் வழியே பாதி சந்தோஷம். சூரிச்சிலிருந்து கூர் நகரம், கூரிலிருந்து ஆல்புலா மலை ரயில் பாதையில் செயின்ட் மோரிட்ஸ், பிறகு சில்ஸுக்கு பஸ். கூரில் ஏறியதும் வலப்பக்க ஜன்னலைப் பிடித்துவிடு. வழியில் வரும் லாண்ட்வாசர் ரயில் பாலம் 65 மீட்டர் உயரத்தில் வளைந்து போய் நேராக மலைக்குள் நுழைகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத்தில் ஏறினோமே, நினைவிருக்கிறதா? இங்கே பல்சக்கரம் கிடையாது. பெர்க்யூன், பிரெடா என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே தண்டவாளம் சுருள் சுருளாகச் சுற்றிச் சுற்றியே உயரத்தைப் பிடிக்கிறது. ஒரே கிராமம் நம் ஜன்னலுக்குக் கீழே திரும்பத் திரும்ப வரும்.

அக்டோபர் முதல் பாதியில் போகலாம் என்பது என் ஆசை. லார்ச் என்று ஒரு மரம், ஊசியிலை மரமாக இருந்தும் இலையை உதிர்க்கும். உதிர்வதற்கு முன் மலைச்சரிவு முழுக்கப் பொன் மஞ்சளாகிவிடும். ஆனால் மாதக் கடைசிக்குள் பல விடுதிகள் மூடிவிடும் என்பதால் தேதியைத் தள்ளிப்போட முடியாது.

எலும்பு டாக்டரை ஒருமுறை பார்த்துவிட்டு எழுது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேர ஏற்றம் தாங்குமா என்று மட்டும் கேள். அவர் சரி என்றால் அன்றைக்கே விசா வேலையைத் தொடங்குகிறேன்.

அன்புடன்,
உன் தோழி