ஞாயிறு திமிங்கிலப் பயணம்: வருபவர்கள் கவனத்துக்கு

எல்லோரும் காலை 5.30க்கு உப்புவெளிக் கடற்கரையில் நிற்கவேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறிவிடும், பிந்தினால் படகு நிற்காது.

திருகோணமலையில் கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்டவே தொடங்குகிறது. நீலத்திமிங்கிலம் இவ்வளவு பக்கத்தில் வருவது அதனால்தான். முதலில் உடம்பு தெரியாது. தூரத்தில் வெள்ளைப் புகைபோல நீர் எழும்பும், அதைப் பாருங்கோ. வாலைத் தூக்கி முங்கினால் திரும்ப வரப் பத்து நிமிடம்கூட ஆகலாம். 100 மீட்டருக்குள் நெருங்கக்கூடாது என்பது சட்டம், "இன்னும் கிட்டப் போங்கோ" என்று ஓட்டியைக் கரைச்சல்படுத்த வேண்டாம்.

போனமுறை வெறும் வயிற்றோடு போய், பாதி நேரம் படகு விளிம்பைக் கட்டிப்பிடித்திருந்தேன். ஆகவே லேசாகச் சாப்பிட்டு வாருங்கோ, இஞ்சி பிஸ்கட் நான் கொண்டுவருகிறேன். தொப்பி அவரவர் பொறுப்பு. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு செல்ஃபி எடுப்பது, சரி, சொல்லத் தேவையில்லை.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடவும்.