பல்லவியை மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழக-கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்து மண்டபங்களில் வரவேற்பன்று மணமக்கள் சேர்ந்து ஆடுவது சகஜமாகிவிட்டது. ஆனால் பாட்டின் பல்லவியை மட்டும் கேட்டு முடிவு செய்துவிடுகிறார்கள். சரணத்தையும் படியுங்கள். பல்லவியில் கொஞ்சிவிட்டு இரண்டாம் சரணத்தில் பிரிவைப் பாடும் பாட்டுகள் ஏராளம். ஒரு வீடு தமிழ், இன்னொரு வீடு மலையாளம் என்றாலும் முன்வரிசைப் பெரியவர்களுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிடும்.

பல சினிமாப் பாட்டுகள் நாலரை, ஐந்து நிமிடம் ஓடும். ஆடிப் பழகாத கால்களுக்கு இரண்டரை நிமிடமே அதிகம். பல்லவி, ஒரு சரணம், மறுபடி பல்லவி போதும். வெட்டி ஒட்டும் இடம் தாளத்தின் முதல் அடியில் விழ வேண்டும். அரை அடி தள்ளிப்போனாலும் கால் தடுமாறும். முன்னிசையை 10 வினாடிக்குள் குறையுங்கள். இல்லையென்றால் இருவரும் கேமராவைப் பார்த்து அசட்டுச் சிரிப்போடு நிற்க வேண்டியதுதான். பட்டுப்புடவையோடு வேகமாகச் சுற்ற முடியாது, கொசுவம் காலில் மாட்டும். திஸ்ர நடையில், அதாவது மூன்று மூன்றாக எண்ணும் தாளத்தில், மெல்ல அசையும் பாட்டு நல்லது.

செல்போனைப் புளூடூத்தில் இணைத்தால் நடுவே அழைப்பு வந்து யாரோ ஒருவருடைய ரிங்டோன் மண்டபம் முழுக்க முழங்கும். பென் டிரைவில் அந்த ஒரு பாட்டை மட்டும் போட்டு, முந்தின நாளே சவுண்ட் செட்காரரிடம் கொடுத்து ஓடவிட்டுப் பாருங்கள்.

ஒரு வாசகர்,
களியக்காவிளை