இணையதளம்: எதற்கு என்பதை முதலில் முடிவு செய்வோம்

விதைக் குழு நண்பர்களுக்கு வணக்கம்.

டொமைன், வடிவமைப்பு எல்லாம் அப்புறம். நம் தளம் அரிசி விற்கவா, நெல் விதை பரிமாறவா? அரிசி என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு, பணம் செலுத்தும் வசதி, கூரியர் என்று வேலை நீளும். விதைக்கு ஒரு பட்டியலே போதும்: ரகம், வயது (விதைப்பிலிருந்து அறுவடை வரை எத்தனை நாள்), எந்த ஊரில் யாரிடம் இருக்கிறது. வயதைக் கட்டாயம் போட வேண்டும். சீக்கிரம் விளையும் அறுபதாம் குறுவையும் 150 நாளைத் தாண்டும் மாப்பிள்ளைச் சம்பாவும் ஒரே பட்டத்துக்கு ஆகாது. பூங்கார் ரக விதை தேடுகிறவருக்கு நாற்றங்கால் விடும் முன்பே, கைப்பேசியில் பார்த்ததும் விவரம் கிடைக்க வேண்டும். என் விருப்பம் விதைதான். நம் குழு தொடங்கியதே அதற்காகத்தானே!

உங்கள் கருத்தை ஞாயிறு மாலைக்குள் இங்கேயே எழுதுங்கள். யாருடைய எண்ணையும் அவர் சம்மதம் இல்லாமல் தளத்தில் போடப்போவதில்லை.