23 கிலோ பெட்டியும் ஒரு பலகையும்: ஏவி ரிசீவர் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏவி ரிசீவர் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு மாடியில் 12க்கு 17 அடியில் ஓர் அறை இருக்கிறது. அதில், படத்தின் ஒலியை வாங்கிப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் உங்கள் ரிசீவர்களில் ஒன்றான டெனான் எக்ஸ்8500எச் என்ற 23 கிலோ பெட்டியை வைத்திருக்கிறேன். என் கல்லூரி நண்பனிடம் மரான்ட்ஸ் எஸ்ஆர்8012 இருக்கிறது. மச்சான் யமஹா ஏ3080 வைத்திருக்கிறார். மூன்று பேருமே வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வாங்கியவர்கள்தான். கார் வாங்க முன்பணம் கட்டியிருக்கலாம் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

போன சித்திரையில், ஒரு சனி ஞாயிறு முழுக்க, மூன்று பெட்டிகளையும் என் அறையில் அடுக்கிவைத்து ஒப்பிட்டுக் கேட்டோம். மாடிப்படியில் தூக்கி வந்ததில் மச்சானுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது தனிக்கதை. அந்த இரண்டு நாளில் தெரிந்துகொண்டதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நாள், அறைக்கேற்ப ஒலியைத் திருத்தும் வசதிகளை எல்லாம் அணைத்துவிட்டோம். மூன்றுக்கும் அதே ஸ்பீக்கர்கள். ஒலி அளவை மீட்டர் வைத்து அரை டெசிபலுக்குள் சமன் செய்தோம். இதைச் செய்யாத ஒப்பீடு வீண், ஏனென்றால் துளி சத்தமாகப் பாடும் பெட்டிதான் காதுக்கு எப்போதும் நல்ல பெட்டி. ஒருவர் பின்னால் நின்று வயரை மாற்ற, மற்ற இருவரும் பார்க்காமல் கேட்டோம். மரான்ட்ஸ் என்றால் ஒரு இனிமை, ஒரு சூடு என்று பத்து வருடமாகச் சொல்லிவந்த நண்பன், இரண்டு முறை யமஹாவைக் கேட்டுவிட்டு மரான்ட்ஸ் என்று அடித்துச் சொன்னான். நானும் பெரிதாக வெட்டி முறிக்கவில்லை, பாதிக்குப் பாதி தப்பு. வயரை மாற்ற நாலைந்து நிமிடம் ஆகிறது, அவ்வளவு நேரம் ஒலியைக் காது நினைவில் வைத்திருக்காது. ஆகவே இது அறிவியல் சோதனை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் விளம்பரத் தாள்களில் இருக்கும் அளவுக்கு வித்தியாசம் இருந்திருந்தால் மூன்று பேரில் ஒருவர் காதிலாவது விழுந்திருக்கும்.

மறுநாள் திருத்தங்களைப் போட்டோம். டெனானிலும் மரான்ட்ஸிலும் ஆடிஸி, யமஹாவில் வைபிஏஓ. அப்போதுதான் பெட்டிக்குப் பெட்டி நிஜமான வித்தியாசம் தெரிந்தது. எங்கள் ஊர் வீடு எப்படி என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கான்கிரீட் கூரை, செங்கல் சுவர், தரையில் வழவழவென்று டைல்ஸ். ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லை. ஆழமான ஒலிகளில், 17 அடி நீளத்துக்கு 33 ஹெர்ட்ஸ் பக்கத்திலும், 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் அறையே சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். திரையில் ஒரு குண்டு வெடித்தால் சோபாவில் ஒரு மாதிரியும் கதவோரம் வேறு மாதிரியும் கேட்கும். இந்த வீடுகளில் அறைத் திருத்தம்தான் உயிர். பெட்டியின் விலையில் பெரும்பகுதி எங்கே போனாலும் சரி, எங்கள் காதுக்குப் பயன்படுவது இதுதான்.

அதை எப்படித் தருகிறீர்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆடிஸிக்கு எட்டு இடங்களில் மைக்கை வைத்து அளக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், அதுவும் சித்திரையில். ஏழாவது இடத்தில் பக்கத்து வீட்டு குக்கர் விசில் அடித்தது. சுற்றுப்புறச் சத்தம் அதிகம் என்று பெட்டி நின்றுவிட்டது. அந்த மைக்கை நிறுத்திவைக்க நீங்கள் கொடுப்பது அட்டையை மடித்துச் செய்த ஒரு தூண். இத்தனை லட்சம் வாங்கிக்கொண்டு அட்டைத் தூண்! அப்புறம், ஆடிஸி 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலியைக் குறைத்து ஒரு பள்ளத்தைத் தானாகவே வெட்டி வைக்கிறது. பேச்சுக்குரல் தெளிவாக நிற்க வேண்டிய இடம் அது. அந்தப் பள்ளத்தை மூட வேண்டும் என்றால் தனியாகக் காசு கொடுத்து ஒரு செயலி வாங்க வேண்டும். பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை அணைப்பதற்குக் காசா?

வாட் கணக்கை நீட்டப் போவதில்லை. டெனானுக்கு 150 வாட், மரான்ட்ஸுக்கு 140 வாட் என்கிறீர்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.3 டெசிபல், எந்தக் காதுக்கும் தெரியாது. அதுவும் இரண்டு சேனல்களை, அதாவது இரண்டு ஸ்பீக்கர் வழிகளை மட்டும் இயக்கி எடுத்த அளவு. 13 சேனல்களும் ஆளுக்கு 150 என்றால் 1,950 வாட். எங்கள் வீட்டு 6 ஆம்ப் பிளக்கில் 230 வோல்ட்டுக்குக் கிடைப்பதே 1,380 வாட்தான், அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். படம் பார்க்கும்போது அவ்வளவு தேவைப்படாது என்பது எனக்கும் தெரியும். எல்லா சேனலும் ஒன்றாக ஓடினால் எவ்வளவு என்ற எண்ணையும் பக்கத்தில் அச்சிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த டெனானுக்கு முன்னால் என்னிடம் வேறொரு ரிசீவர் இருந்தது. எந்த நிறுவனம் என்று சொல்லவில்லை. ஓர் ஐப்பசி மாத மழையில் இடி இறங்கியது. கேபிள் டிவி வயர் வழியாக செட்டாப் பாக்ஸுக்கு வந்து, அங்கிருந்து படமும் ஒலியும் ஒன்றாகப் போகும் எச்டிஎம்ஐ வயர் வழியாக ரிசீவருக்குள் போய்விட்டது. எச்டிஎம்ஐ மட்டும் செத்துவிட்டது. ஒலியை மட்டும் கொண்டுவரும் ஆப்டிகல் வயர் வழியாகப் பாட்டுப் போட்டால் ஏழு சேனலும் முன்போலவே கணீரென்று பாடின. சர்வீஸ் சென்டரில் திறந்து பார்த்துவிட்டு, “போர்டு வராது சார், மாடலை நிறுத்திட்டாங்க. புதுசா வாங்கிக்கங்க” என்றார்கள். வாங்கி ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய ஒரு சர்க்யூட் பலகைக்காக டிரான்ஸ்ஃபார்மர், வெப்பத் தகடு, பவர் டிரான்சிஸ்டர்கள் எல்லாவற்றையும் எடைக்குப் போடச் சொன்னார்கள்.

இடி விழாவிட்டாலும் கதை வேறு மாதிரி முடிந்திருக்காது. எச்டிஎம்ஐ 1.4 பதிப்பு வந்தது 2009இல். 2.0 வந்தது 2013இல். 2.1 வந்தது 2017இல். 2025இல் நொடிக்கு 96 கிகாபிட் வேகத்தோடு 2.2ம் வந்துவிட்டது. இந்தப் பதினாறு வருடத்தில் ஸ்பீக்கருக்கு மின்சாரம் தரும் பகுதியில் நான் கேட்டு உணரும்படி எதுவும் மாறவில்லை. இருபது வருடம் உழைக்கும் ஒன்றையும் நாலு வருடத்தில் பழசாகும் ஒன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்து மூடி விற்கிறீர்கள். பெட்டியின் ஆயுள் இரண்டில் குறைந்ததன் ஆயுளாகத்தான் இருக்கும்.

இதற்கு இஏஆர்க் இருக்கிறதே என்பீர்கள். எல்லாவற்றையும் டிவியில் செருகிவிட்டு, அங்கிருந்து ஒரு வயரில் ரிசீவருக்கு ஒலியைக் கொண்டுவரலாம், வீடியோ எந்தப் பதிப்பாக இருந்தாலும் கவலையில்லை. பாதி உண்மை. அந்த வசதி வருவதற்கு முன்பு விற்ற பெட்டிகள் பலவற்றுக்கு அது கிடையாது. எச்டிஎம்ஐ பலகையே செத்துப்போனால் இஏஆர்க்கும் அதோடு சேர்ந்துதானே சாகும்?

பலகையை மாற்றித் தர முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள், உங்களில் சிலரே செய்து காட்டியிருக்கிறீர்கள். நாட் நிறுவனம் தன் ரிசீவர்களைச் செருகிக் கழற்றும் பலகைகளோடு கட்டியது. அதன் டி758 மாடலை வைத்திருந்தவர்கள் பழைய பெட்டியிலேயே பலகையை மாற்றி, தலைக்கு மேலிருந்தும் ஒலி தரும் டால்பி அட்மாஸும் அறைத் திருத்தம் செய்யும் டிராக் லைவும் பெற்றார்கள். 2020 கடைசியில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் என்ற விளையாட்டுக் கருவியை இணைத்தால், 4கே படத்தை நொடிக்கு 120 முறை காட்டும்போது திரை கறுத்துப்போகும் சிக்கல் வந்தபோது, யமஹா அந்த வருட மாடல்களுக்குப் பலகையை இலவசமாக மாற்றித் தந்தது. இதே எக்ஸ்8500எச்சுக்கு டெனானும் சில நாடுகளில் கட்டணம் வாங்கிக்கொண்டு எச்டிஎம்ஐ 2.1 பலகையைப் பொருத்திக் கொடுத்தது. ஆக, முடியும். செய்ய மனம் வருவதுதான் அபூர்வமாக இருக்கிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது. டெனானும் மரான்ட்ஸும் 2002இல் ஒரே குடும்பமானார்கள். 2022இல் அந்தக் குடும்பத்தை மருத்துவக் கருவிகள் செய்யும் மாசிமோ வாங்கியது, 2025இல் அது ஹார்மனிடம் போயிருக்கிறது. ரிசீவர் செய்துவந்த ஆங்கியோவின் வீட்டு ஒலிக்கருவித் தொழில் 2021இல் கைமாறியது, மிச்சமிருந்த நிறுவனம் 2022இல் திவாலானது. பெட்டியின் முகப்பில் இருக்கும் பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. பத்து வருடம் கழித்து உதிரிப்பாகத்துக்கு எந்த வாசலில் போய் நிற்பது?

அதனால் கேட்கிறேன். அடுத்த மாடலில் எச்டிஎம்ஐ பலகையை நாலு திருகில் கழற்றி மாட்டும்படி பின்பக்கமாக வையுங்கள். உற்பத்தியை நிறுத்திய பிறகும் பத்து வருடம் அந்தப் பலகை கிடைக்கும் என்று எழுத்தில் கொடுங்கள். அதன் விலையைப் பெட்டி விற்கும் நாளிலேயே சொல்லிவிடுங்கள், கூடுதலாக இருந்தாலும் பரவாயில்லை. இந்தியாவுக்கும் கொடுங்கள், அமெரிக்காவோடும் ஐரோப்பாவோடும் நிறுத்திவிடாதீர்கள். அது முடியாத மாடல்களில், முன்பு பல பெட்டிகளின் பின்னால் இருந்த 7.1 அனலாக் இன்புட்டையாவது, அதாவது ஒவ்வொரு சேனலின் ஒலியையும் தனி வயரில் நேராக வாங்கும் துளைகளையாவது திரும்ப வையுங்கள். டிஜிட்டல் பகுதி போனாலும் பெட்டி வெறும் ஆம்ப்ளிஃபயராக வாழ்ந்துவிட்டுப் போகட்டும்.

இடி விழுந்த அந்தப் பழைய பெட்டியை நான் எடைக்குப் போடவில்லை. கீழே அப்பா அறையில் இரண்டு ஸ்பீக்கரோடு இருக்கிறது. காலையில் எஃப்எம் கேட்கிறார். அதில் ஏழு சேனல் இருப்பதே அவருக்குத் தெரியாது. “நல்ல ரேடியோடா, ஆனா ரொம்ப கனம்” என்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளன்