கால்பந்துக் குழுவும் இருபது ரூபாய் சந்தாவும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் தொழில் செய்யும் நம் பழைய மாணவர் ஒருவர், பள்ளியில் கால்பந்துக் குழு தொடங்கப் பணம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கேயும் எழுதவில்லை. விஷயம் வெளியே தெரிந்த நாளிலிருந்து உங்களில் பலர் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அவர்தான் பணம் தருகிறாரே, அப்புறம் எங்களிடம் எதற்கு மாதச் சந்தா?"

ஞாயிற்றுக்கிழமையானால் நம் பிள்ளைகளில் பலர் முதுகில் மெஸ்ஸி பெயரோடு பார்சிலோனா ஜெர்சியில்தான் சுற்றுகிறார்கள். அந்தக் கிளப்பைத் தொடங்கியவரும் பிழைக்கப் போன ஊரில் வேரூன்றிய வெளிநாட்டுக்காரர்தான். உங்கள் கேள்விக்கான பதில் அவர் கதையிலேயே இருப்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அவர் பெயர் ஹான்ஸ் கேம்பர். (ஏழாம் வகுப்பில் இவரைக் 'கம்பர்' என்றே சொல்கிறார்கள். தமிழாசிரியைக்கு இதில் வருத்தம்.) 1877-இல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். ஓட்டம், சைக்கிள் என்று எதையும் விடவில்லை. 1896-இல் சூரிச் கால்பந்துக் கிளப்பைத் தொடங்கியவர்களில் இவரும் ஒருவர். 1898-இல் உறவினர் ஒருவரைப் பார்க்க ஸ்பெயினில் உள்ள பார்சிலோனா நகருக்குப் போனார். அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சர்க்கரை வியாபாரத்தில் இறங்குவதாக இருந்தார் என்பார்கள். ஊர் பிடித்துப்போய் அங்கேயே தங்கிவிட்டார். கணக்கு எழுதும் வேலை பார்த்தார், பத்திரிகைகளுக்கு விளையாட்டுச் செய்தி எழுதினார், அந்த மண்ணின் கத்தலான் மொழியைக் கற்றார், ஹான்ஸ் என்ற பெயரையும் ஜுவான் என்று மாற்றிக்கொண்டார்.

எல்லாம் சரி, கூட விளையாட ஆள் வேண்டுமே. 1899 அக்டோபர் 22-ஆம் தேதி 'லோஸ் தெபோர்தெஸ்' என்ற பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பு வந்தது. கால்பந்தில் ஆர்வமுள்ளவர்கள் செவ்வாய், வெள்ளி இரவுகளில் ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள் பத்திரிகை அலுவலகத்தில் வந்து பார்க்கலாம் என்று அதில் இருந்தது. ஹான்ஸ் என்பதைக் 'கான்ஸ்' என்று தப்பாக வேறு அச்சடித்திருந்தார்கள். அப்படியும் ஆட்கள் வந்தார்கள். நவம்பர் 29-ஆம் தேதி ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் பன்னிரண்டு பேர் கூடிக் கிளப்பைத் தொடங்கினார்கள். கேம்பர் தலைவராகவில்லை. வேறொருவரைத் தலைவராக்கிவிட்டு, தான் மைதானத்தில் இறங்கி 1903 வரை நூறு கோலுக்கு மேல் அடித்தார்.

நான் சொல்ல வந்தது 1908-ஆம் ஆண்டைப் பற்றி. சில வருடங்களாகக் கோப்பை எதுவும் கிடைக்காமல், உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கழன்று, கடைசியில் 38 பேர்தான் மிச்சம். கிளப்பை மூடிவிடலாம் என்ற பேச்சே வந்துவிட்டது. டிசம்பர் 2-ஆம் தேதி கேம்பர் தலைவர் பொறுப்பை ஏற்றார். தொழில் செய்கிற மனிதர், நினைத்தால் ஒரு தொகையை எடுத்து வைத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். அவரோ பழைய உறுப்பினர்களைத் தேடிப் போய், பேசிப் பேசியே திரும்பச் சேர்த்தார். 38 பேர் 201 பேர் ஆனார்கள். அடுத்த வருடமே, 1909-இல், கிளப்புக்கென்று சொந்த மைதானம் வந்தது. அதில் இடம் கிடைக்காதவர்கள் சுற்றுச்சுவர் மேல் வரிசையாக ஏறி உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பார்களாம். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிந்தது என்னவோ அவர்களுடைய பின்பக்கம் மட்டும்தான்! 1922-இல் லெஸ் கோர்ட்ஸ் என்ற பெரிய மைதானமும் கட்டிவிட்டார்கள். ஐந்து முறை தலைவராக இருந்த கேம்பர் ஒருமுறைகூட அந்தக் கிளப்புக்கு முதலாளி ஆகவில்லை.

அதன் அருமை 1925-இல் தெரிந்தது. ஸ்பெயினில் அப்போது பிரிமோ தெ ரிவேராவின் சர்வாதிகாரம். ஜூன் மாதம் நடந்த ஓர் ஆட்டத்தில் ஸ்பெயின் தேசிய கீதம் ஒலித்தபோது கூட்டம் எதிர்ப்புக் காட்டி விசிலடித்துக் கூச்சல் போட்டது. மைதானத்துக்கு ஆறு மாதத் தடை விழுந்தது. கேம்பர் பதவியை விட்டு நாட்டைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. ஒரே ஆளின் பணத்தில் நின்ற கிளப்பாக இருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். ஆனால் 1929-இல் ஸ்பெயினின் முதல் லீக் கோப்பையை வென்றதே பார்சிலோனாதான். இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் சந்தா கட்டி, ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

கேம்பரின் முடிவு துயரமானது. பணநெருக்கடியும் மனச்சோர்வும் சேர்ந்து, 1930 ஜூலையில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். சின்ன வகுப்புகளில் இதை நான் சொல்லவில்லை. பெரிய பிள்ளைகள் எங்காவது படித்துவிட்டு வந்து கேட்டால் மழுப்பாமல் உட்கார்ந்து பேசுங்கள். நாலு பேருக்கு உதவுகிறவருக்குள்ளும் சொல்ல முடியாத பாரம் இருக்கலாம் என்பதை அந்த வயதில் அவர்கள் தெரிந்துகொள்ளலாம்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். பழைய மாணவர் தரும் பணத்தில் பந்து, வலை, ஷூ வாங்குவோம், மைதானத்தில் மழைத்தண்ணீர் தேங்கும் மூலையை மண் அடித்துச் சமப்படுத்துவோம். அன்றாடச் செலவு மட்டும் உங்கள் சந்தாவிலிருந்து நடக்கும். மாதம் இருபது ரூபாய், ரசீது உண்டு. கட்ட முடியாதவர்கள் வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொன்னால் போதும், பிள்ளை விளையாடுவதற்கு அது தடையாகாது. நிர்வாகக் குழுவை நீங்கள்தான் தேர்ந்தெடுக்கப்போகிறீர்கள். வீட்டுக்கு ஓர் ஓட்டு, பணம் தருகிறவருக்கும் ஓர் ஓட்டுதான். போனில் அவரிடமே இதைச் சொன்னேன். "அதுதான் சார் சரி" என்றார்.

பெண் பிள்ளைகளுக்கும் குழு உண்டா என்று சில அம்மாக்கள் கேட்டிருந்தீர்கள். கட்டாயம் உண்டு. பார்சிலோனாவின் பெண்கள் அணி 2021, 2023, 2024 என்று மூன்று முறை ஐரோப்பிய சாம்பியன் ஆன அணி என்பதை வீட்டில் தயங்குகிற தாத்தாக்களிடம் சொல்லிப் பாருங்கள். பயிற்சி வாரத்தில் மூன்று நாள், மாலை ஐந்தரைக்குள் முடிந்துவிடும். தேர்வு நாட்களில் கிடையாது.

நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளி அரங்கில் கூடுகிறோம். அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது வாருங்கள். பேர் கொடுக்க விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் பி.டி. சாரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்