கொப்பிக்கு யார் காசு கொடுப்பது?

அன்புள்ள மகனுக்கு,

அம்மம்மாவின் ஆண்டுத் திவசத்தை முன்னிட்டு, நீ படித்த பாடசாலையில் உள்ள வறிய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தகப்பையும் பத்துக் கொப்பிகளும் கொடுக்க விரும்புவதாகவும், அதிபரிடம் கேட்டுத் தை மாதத்தில் ஒரு நாளைக் குறிக்கும்படியும் எழுதியிருந்தாய். உன் மனம் எனக்கு விளங்குகிறது. ஆயினும் அதிபரிடம் போவதற்கு முன், இந்தச் செலவு யாருடையது என்பதைப் பற்றி, ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்ற முறையில் உன்னிடம் சில விடயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கையில் கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராக இருந்து 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது ஒழிந்தது பாடசாலைக் கட்டணம் மட்டுமே. பாடநூல்களை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 1980இல். சீருடைத் துணி வந்தது 1993இல். அதற்குப் பிறகு சிறிய பாடசாலைகளுக்குச் சப்பாத்து வவுச்சர் வந்தது. 2025இல் அஸ்வெசும என்ற அரசின் நலன்புரி உதவியைப் பெறும் வறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் காகிதாதிகள் வாங்க 6,000 ரூபாய் கொடுத்தார்கள். இத்தனைக்குப் பிறகும் கொப்பி, பேனை, கொம்பாஸ் பெட்டி, வர்ணப்பெட்டி, புத்தகப்பை ஆகியவை பெற்றோரின் தலையிலேயே இருக்கின்றன. மேல்வகுப்புக்குப் போனால் பாடத்துக்கொரு சீ.ஆர். கொப்பி, அதாவது கெட்டி மட்டை போட்ட பெரிய கொப்பி, கேட்பார்கள். உயர்தர வகுப்புகளுக்கு அரசின் இலவசப் பாடநூலும் இல்லை.

பாடநூலில் நான் கண்ட பெரிய நன்மை, அது எல்லோருக்கும் கிடைப்பதுதான். வைத்தியரின் மகளும் கூலி வேலைக்குப் போகிறவரின் மகனும் ஒரே வரிசையில் நின்று ஒரே புத்தகத்தை வாங்குவதால், யாருக்கு இல்லை என்று யாருக்கும் தெரிவதில்லை. 2025ஆம் ஆண்டுக்கான சீருடைத் துணி முழுவதையும் சீன அரசு நன்கொடையாகக் கொடுத்தது; அப்படியிருந்தும் அந்தத் துணியை அணிந்த எந்தப் பிள்ளையும் தான் தானம் வாங்கியதாக நினைக்கவில்லை, ஏனென்றால் அது அரசின் வழியாக எல்லோருக்கும் ஒரே விதமாக வந்தது. நம்மவர்களின் கற்றல் உபகரணங்கள் வழங்கும் நிகழ்வு அப்படியா நடக்கிறது? மண்டபத்தில் பதாகை கட்டி, இறந்தவரின் படத்துக்கு மாலை போட்டு, ஒலிவாங்கியில் ஒவ்வொரு பெயராக வாசித்து, வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காகப் பிள்ளையைப் பையோடு நிறுத்திப் படமும் எடுக்கிறார்கள். ஒருமுறை என் வகுப்பில் ஒரு சிறுமி, பையில் அச்சிட்டிருந்த அன்பளிப்பாளரின் பெயர் தெரியாதபடி அந்தப் பக்கத்தைத் தன் முதுகோடு ஒட்டியே வைத்துக்கொண்டு திரிந்தாள். அம்மம்மாவின் பெயர் அப்படி ஒளித்து வைக்கப்படுவதை நான் விரும்பவில்லை.

நீங்கள் இருக்கும் நாட்டில் உன் மகளின் பள்ளிக்கூடத்தில் பென்சிலும் கொப்பியும் வகுப்பிலேயே கொடுக்கிறார்கள் என்று மருமகள் சொன்னாள். அங்கே அது யாருடைய தயவும் இல்லை. நீங்கள் கட்டும் வரியிலிருந்து வருகிறது. இங்கேயும் வரி கட்டாதவர் என்று ஒருவரும் இல்லை. 2024 தை மாதம் தொடக்கம் பெறுமதி சேர் வரி 18 வீதம். தோட்டத்தில் வெங்காயம் கிண்டப் போகிற தாய், கடையில் சவர்க்காரம் வாங்கும்போது, பெரிய உத்தியோகத்தர் கட்டும் அதே வீதத்தைத்தான் கட்டுகிறாள். பாடசாலை எதைக் கட்டாயம் கொண்டுவரச் சொல்கிறதோ அதை அரசே எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. படம் போட்ட பையும் வாசனை அழிறப்பரும் வேண்டுமென்றால் அவற்றைப் பெற்றோர் வாங்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் வருடந்தோறும் இந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டிருந்தால், இடைவெளி இருக்கிறது என்பதையே அதிகாரிகள் மறந்துவிடுவார்கள்.

ஆனால் அரசு செய்யும் வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். அந்த வருடம் கொப்பி விலை ஏறியபோது, ஒரே கொப்பியை இரண்டாகப் பிரித்து முன்பக்கம் தமிழும் பின்பக்கம் சமயமும் எழுதிய பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். ஆகவே கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுக்கும் விதத்தை மாற்றச் சொல்கிறேன்.

முதலாவதாக, தை மாதத்தை விட்டுவிடு. அந்த மாதத்தில் சங்கங்களும் வங்கிகளும் அரசியல்வாதிகளும் கொப்பியோடுதான் வருகிறார்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று பை கிடைத்த கதையும் உண்டு. கொப்பி முடிவது இரண்டாம் தவணையில். வைகாசி, ஆனி மாதங்களில் கணிதக் கொப்பி நிறைந்துவிட்டது என்று வீட்டில் சொல்லப் பயந்து, எழுதாமல் இருக்கும் பிள்ளையை வகுப்பாசிரியர் மட்டுமே கவனிப்பார். ஒற்றை றூள், சதுர றூள், சீ.ஆர். என்று வகைக்குச் சில கட்டுகளை ஆசிரியர் அறை அலுமாரியில் வைத்துவிட்டால், கேட்கிற பிள்ளைக்குப் பெயர் எழுதாமல் எடுத்துக் கொடுக்கலாம். பையும் சப்பாத்தும் தேவையான வீட்டுக்கு வகுப்பாசிரியர் ஒரு துண்டு எழுதிக் கொடுக்கட்டும். தாய் கடைக்குப் போய்ப் பிள்ளைக்குப் பிடித்த நிறத்தைப் பார்த்து எடுக்கட்டும். கணக்கை நாங்கள் மாத முடிவில் தீர்க்கலாம்.

இரண்டாவது, பணம் தேவைப்படாத வேலை. நீங்கள் பழைய மாணவர் சங்கத்தின் பெயரில் அதிபருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். சென்ற வருடத்துக் கொப்பியில் மீதியுள்ள தாள்களைப் பயன்படுத்தலாம், எண்பது பக்கக் கொப்பி போதும், உறை போடுவதற்குப் பழைய பத்திரிகைத் தாளே போதும் என்று பெற்றோர் கூட்டத்தில் அவர் வாயால் சொன்னால், உன் அன்பளிப்பை விடப் பெரிய தொகை பெற்றோரின் கையில் மிஞ்சும். காசு அனுப்புகிறவர்களின் சொல்லுக்கு இங்கே ஒரு மரியாதை இருக்கிறது (ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு அது அவ்வளவாக இல்லை). அதை இதற்குப் பயன்படுத்துங்கள். அதே கடிதத்தின் பிரதி ஒன்றை வலயக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பி, கொப்பியையும் பாடநூலோடு சேர்த்து வழங்கும்படி கேளுங்கள்.

திவசத்தன்று வழக்கம்போல வீட்டில் சமைத்து, கோவிலில் ஒரு அருச்சனையும் செய்வோம். அதற்குப் பணம் அனுப்ப வேண்டாம். மேலே சொன்னது உனக்குச் சம்மதமானால், பணத்தைச் சித்திரை மாதக் கடைசியில் அனுப்பு. இரண்டு கடைகளில் விலை கேட்டு வைக்கிறேன். பற்றுச்சீட்டுகளைப் படமெடுத்து உனக்கும், ஒரு பிரதியை அதிபருக்கும் கொடுப்பேன். மருமகளிடமும் கலந்து பேசி எழுது.

அன்புடன்,
அம்மா